மகள் படித்த நாவலும் நாம் சொல்லாத மலக்குகளும்



"அத்தா, மலக்குகள் காதல் கொள்வார்களா?"

இஷாத் தொழுகையை முடித்து வீடு திரும்பி உணவுக்கு அமர்ந்த வேளையில், கல்லூரியில் பயிலும் என் மகள் இப்படி ஒரு வினாவைத் தொடுத்தாள். சூரமங்கலத்தில் எங்கள் இல்லம் சேலம் சந்திப்பு ரயில் நிலையத்திற்கு அணித்தே உள்ளது. வண்டிகளின் வரவையும் போக்கையும் அறிவிக்கும் ஒலிபெருக்கியின் குரல் இரவெல்லாம் காதில் விழுந்துகொண்டிருக்கும். அந்தக் குரல் சற்றே ஓய்ந்திருந்த நொடியில் அவள் கேட்டதால், அடுக்களையில் இருந்த அவளுடைய தாயின் செவியிலும் அது விழுந்துவிட்டது.

"அஸ்தஃபிருல்லாஹ்! என்ன பேச்சு இது? எங்கிருந்து கற்றுக்கொண்டாய்?" என்று தாய் பதறினார். கற்றுக்கொண்ட இடம் உடனே வெளிப்பட்டது. தோழி இரவல் கொடுத்த ஓர் ஆங்கில நாவல் அவள் தலையணைக்கு அடியில் இருந்தது. அது பறிமுதல் செய்யப்பட்டுப் பீரோவின் மேல் வைக்கப்பட்டது. பிரச்சினை அத்துடன் தீர்ந்தது என்றே நானும் எண்ணினேன்.

ஆனால் மகள் அழவுமில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, அமைதியாக ஒன்று சொன்னாள்: "அத்தா, நம் வீட்டில் மலக்குகளைப் பற்றிச் சொன்னதெல்லாம் என்னைப் பயமுறுத்தத்தான். தோளில் அமர்ந்து குற்றத்தை எழுதுபவர்கள், கப்ரில் கேள்வி கேட்பவர்கள், உயிரை வாங்க வருபவர். ஒரு மலக்கு ஒரு பெண்ணைக் காப்பாற்ற நினைப்பதை நான் இந்தக் கதையில்தான் முதன்முதலாகப் படித்தேன்."

வாசகப் பெருமக்களே! அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் கடிந்துகொண்டு உறங்கியிருப்பேன். அது உண்மையாக இருந்தது. என் வாயால் அவளுக்கு மலக்குகளைப் பற்றி எப்போதெல்லாம் சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தேன். பொய் சொன்னபோதும், தொழுகையில் சோம்பியபோதும், தம்பியை அடித்தபோதும் சொல்லியிருக்கிறேன். ஒருமுறையேனும் அன்போடு சொன்னதாக நினைவில்லை. ஆகவே பீரோவின் மேலிருந்த புத்தகத்தை நானே எடுத்தேன். மூன்று இரவுகளில் படித்து முடித்தேன். அந்த நாவலைப் பற்றி ஒரு சாதாரண வாசகனாக எனக்குத் தோன்றியதை உங்கள் முன் வைக்கிறேன்.

கதை யாது?

நாவலின் பெயர் 'ஃபாலன்'. 'வீழ்ந்தோர்' என்று பொருள் கொள்ளலாம். அமெரிக்காவைச் சேர்ந்த லாரன் கேட் என்னும் பெண் எழுத்தாளர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்டது. பதின்பருவத்தினருக்கென எழுதப்பட்ட இக்கதை தொடர் நாவல்களாக வளர்ந்து, 2016ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் ஆயிற்று. அதே 2009ஆம் ஆண்டில் பெக்கா ஃபிட்ஸ்பாட்ரிக் என்பவரின் 'ஹஷ், ஹஷ்' என்னும் நாவலும் வந்தது. அதிலும் வானிலிருந்து வீழ்ந்த ஒரு மலக்கே காதலன். இவ்வகைக் கதைகள் அக்காலத்தில் ஒரு அலைபோல் எழுந்தன. இன்றும் நம் பிள்ளைகளின் கைகளில் உலவுகின்றன.

கதைத் தலைவி லூஸ் என்னும் பதினேழு வயதுப் பெண். அவள் பழகிய ஓர் இளைஞன் தீ விபத்தில் மாண்டுவிட, சந்தேகம் அவள் மீது விழுகிறது. ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில் உள்ள ஒரு சீர்திருத்தப் பள்ளிக்கு அவளை அனுப்புகிறார்கள். அங்கே டேனியல் என்னும் இளைஞனைக் காண்கிறாள். முன்பே அறிந்தவன்போல் அவள் மனம் அவன்பால் ஈர்க்கப்படுகிறது. அவனோ அவளை விரட்டுகிறான். முடிவில் மர்மம் அவிழ்கிறது. அவன் மனிதனல்லன், வானிலிருந்து விலக்கப்பட்ட மலக்கு. பல நூற்றாண்டுகளாக அவள் மீண்டும் மீண்டும் பிறக்கிறாள். ஒவ்வொரு பிறவியிலும் அவனைக் காதலித்து, அந்தக் காதலாலேயே இளவயதில் மடிகிறாள். இதுவே அவர்கள் மீது விழுந்த சாபமாம்.

குறையைச் சொல்வதற்கு முன் நிறையைச் சொல்வது நீதி. கதை விறுவிறுப்பாகச் செல்கிறது. குற்றவுணர்ச்சியால் குமுறும் ஒரு பெண்ணின் தனிமை உண்மையாகவே எழுதப்பட்டுள்ளது. புதிய பள்ளியில் அவளுக்குத் துணை நிற்கும் பென் என்ற தோழியின் பாத்திரம் நெஞ்சைத் தொடுகிறது. அந்தத் தோழிக்கு நேரும் முடிவைப் படித்தபோது, அறுபதை நெருங்கும் எனக்கே கண் கலங்கியது. பிள்ளைகள் இதை விரும்பிப் படிப்பதில் வியப்பில்லை.

ஆயினும் இரண்டு செய்திகள் என்னை உறுத்தின. ஒன்று, காதலைப் பற்றியது. மற்றொன்று, மலக்குகளைப் பற்றியது.

அவமதிப்பும் அன்பாகுமா?

டேனியல் லூஸை முதன்முதலாகப் பார்க்கும்போது செய்வது என்ன தெரியுமா? விரலால் இழிவான சைகை காட்டுகிறான். பின்னரும் அவளை ஒதுக்குகிறான், கடுமையாகப் பேசுகிறான். அவளைக் காப்பதற்காகவே அப்படி நடந்தான் என்று கதை பிற்பாடு சமாதானம் கூறுகிறது. கதையில் சமாதானம் கூறலாம். ஆனால் வீதியில் ஓர் இளைஞன் ஒரு பெண்ணை அவமதிக்கும்போது, 'இவன் உள்ளத்தில் ஏதோ ஆழ்ந்த அன்பு மறைந்திருக்கிறது' என்று அவள் எண்ணத் தொடங்கினால் என்னவாகும்?

தன்னை மதியாதவனை நாடுவதும், உயிருக்கே கேடு என்று தெரிந்தும் அவனை விட்டு விலகாதிருப்பதும் அந்நாவலில் பெருங்காதலின் இலக்கணமாகின்றன. நம் பெண்மக்களிடம் பேசவேண்டிய இடம் இதுவே. 'மலக்கு என்று எழுதிவிட்டார்களே' என்று பதறுகிற நாம், 'மரியாதையற்ற நடத்தையைக் காதல் என்று எழுதிவிட்டார்களே' என்று பதறுவதில்லை. என் மகளிடம் நான் முதலில் பேசியது இதைத்தான். அவள் சிறிது யோசித்துவிட்டு, "ஆமாம் அத்தா, அந்த இடத்தில் எனக்கும் அவள் மீது கோபம் வந்தது" என்றாள். பறிமுதல் செய்திருந்தால் இந்த ஒரு வாக்கியத்தை நான் கேட்டிருக்க முடியுமா?

பழைய கதையின் புதிய சட்டை

இனி, மலக்குகளின் செய்திக்கு வருவோம். பெண்ணின் மீது மோகம் கொண்டு வானிலிருந்து வீழ்ந்த மலக்குகள் என்னும் கற்பனை லாரன் கேட் புதிதாகப் புனைந்ததன்று. 'ஏனோக்கின் நூல்' என்றொரு பண்டைய யூத நூல் உண்டு. இருநூறு வானவர்கள் ஹெர்மோன் மலையில் இறங்கி, மானிடப் பெண்களை மணந்து, உலகில் குழப்பம் விளைவித்ததாக அது கதை சொல்கிறது. எத்தியோப்பியத் திருச்சபை அந்நூலை வேதத் தொகுப்பில் வைத்துக் காத்து வந்தது. கடந்த நூற்றாண்டில் சாக்கடலுக்கு அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த ஏடுகளிலும் அதன் அரமேயிக் மொழிப் பகுதிகள் இருந்தன. அந்த வானவர்களைக் 'காவலர்' என்று அக்கதை அழைக்கும். கிரேக்க வழியில் அதற்கு 'கிரிகோரி' என்று பெயர். நாவலின் தலைவனுடைய முழுப்பெயர் டேனியல் கிரிகோரி! சட்டை புதிது, உடல் மிகப் பழையது.

'அது பிறர் கதை, நமக்கென்ன?' என்று கூறிவிடவும் இயலாது. நம்மிடையேயும் இத்தகைய கதை ஒன்று உலவியது. ஹாரூத், மாரூத் என்னும் இரு மலக்குகள் மனிதரின் பாவங்களைக் கண்டு இகழ்ந்தனராம். அதனால் பூமிக்கு அனுப்பப்பட்டு, ஸுஹ்ரா என்ற அழகியிடம் மனம் பறிகொடுத்து, மது அருந்தி, கொலையும் புரிந்தனராம். அந்தப் பெண் வானில் வெள்ளி நட்சத்திரமானாளாம். இப்படி ஒரு கதையைச் சில பழைய விரிவுரைகளில் காணலாம். நம் பாட்டிமார் சிலர் அதைச் சொல்லக் கேட்டவர்களும் உங்களில் இருக்கக்கூடும்.

திருக்குர்ஆன் என்ன கூறுகிறது? அல்பகரா அத்தியாயத்தின் 102ஆம் வசனத்தில் பாபில் நகரத்து ஹாரூத், மாரூத் பற்றிய குறிப்பு வருகிறது. தாங்கள் ஒரு சோதனையே என்றும், இறைமறுப்பில் வீழ்ந்துவிட வேண்டாம் என்றும் எச்சரிக்காமல் அவ்விருவரும் எவருக்கும் எதையும் கற்பிக்கவில்லை என்பதே அதன் கருத்து. அங்கே அழகியும் இல்லை, மதுவும் இல்லை, கொலையும் இல்லை. 12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் காழி இயாழும், அவருக்குப் பின் வந்த இமாம் பக்ருத்தீன் ராஸீயும் அக்கதையை ஏற்க மறுத்தனர். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் இப்னு கதீர், அது இஸ்ரவேலர் வழிக் கதைகளைச் சார்ந்தது என்று ஆய்ந்து எழுதினார்.

இதில் நமக்கொரு படிப்பினை இருக்கிறது. அந்தப் பெரியோர்கள் கதையை மூடி மறைக்கவில்லை. எடுத்துப் படித்தார்கள், அது எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள், இறைமறையோடு ஒப்பிட்டார்கள், பிறகே தீர்ப்பு வழங்கினார்கள். பீரோவின் மேல் தூக்கிப் போடுவது எளிது. அவர்கள் செய்தது அதனினும் கடினமான, அதனினும் பயனுள்ள செயல்.

வீழ்வது யார்? எழுவது யார்?

மலக்குகள் ஒளியால் படைக்கப்பட்டோர். ஜின்கள் தீச்சுடரால் படைக்கப்பட்டோர். ஆதம் (அலை) அவர்களோ மண்ணால் படைக்கப்பட்டவர்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் இக்கருத்து இடம்பெற்றுள்ளது. இறைவன் ஏவியதற்கு மலக்குகள் மாறுசெய்வதில்லை. ஏவப்பட்டதையே செய்கின்றனர் (66:6). ஆணைக்குப் பணிய மறுத்த இப்லீஸ் ஜின் இனத்தைச் சேர்ந்தவன் என்பதையும் திருமறை தெளிவுபடுத்துகிறது (18:50). எனவே 'வீழ்ந்த மலக்கு' என்ற கருத்துக்கு நம் நம்பிக்கையில் இடமே இல்லை. பிறவிதோறும் பிறந்து மடியும் பெண்ணுக்கும் இடமில்லை. வாழ்வு ஒன்று, மரணம் ஒன்று, அதன்பின் எழுப்பப்படுதல் ஒன்று. காதலித்த குற்றத்திற்காக ஓர் உயிரை யுகயுகமாக வதைக்கும் இறைவன் நாம் வணங்கும் அர்ரஹ்மான் அல்லன்.

இதைக் கேட்டதும் மகள் அடுத்த வினாவை எழுப்பினாள்: "தவறு செய்யவே முடியாதவர்கள் என்றால் அவர்களுக்கு என்ன பெருமை அத்தா?"

நல்ல வினா! அதற்கு விடை ஆதம் (அலை) அவர்களின் வரலாற்றில் இருக்கிறது. பூமியில் ஒரு பிரதிநிதியை ஏற்படுத்தப்போவதாக இறைவன் அறிவித்தபோது, குழப்பம் செய்து இரத்தம் சிந்தும் ஒருவரையா என்று மலக்குகள் வினவினர். இறைவன் ஆதமுக்குப் பெயர்கள் அனைத்தையும் கற்பித்தான். மலக்குகள் தாங்கள் அறியாததை ஒப்புக்கொண்டனர். ஆணையை ஏற்று ஆதமுக்குச் சிரம் பணிந்தனர் (2:30-34). வழுவாத ஒளிப்படைப்பு, வழுவக்கூடிய மண்படைப்பின் முன் பணிந்தது! தவறக்கூடியவன் தவறாமல் நிற்பதிலும், தவறியவன் அழுது மீள்வதிலும் ஒரு மாண்பு உண்டு. அது மனிதனுக்கென்றே வாய்த்த மாண்பு.

வியப்பு என்னவெனில், அந்த நாவல் தொடரும் கடைசியில் இதே வாயிலின் அருகே வந்து நிற்கிறது. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த இறுதிப் பகுதியின் பெயர் 'ராப்ச்சர்'. லூஸும் ஆதியில் மலக்காக இருந்தவளே என்று அதில் தெரியவருகிறது. அவளும் டேனியலும் அழியாத வாழ்வைத் துறந்து, வெறும் மனிதர்களாகப் பிறந்து, ஒருவரையொருவர் புதிதாகக் கண்டறியும் வாழ்வைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இத்தனை சிறகுகளையும் போர்களையும் கடந்து வந்த கதை, மனிதராக இருப்பதே மேல் என்று முடிகிறது! நாவலில் உள்ளவர்கள் உண்மையில் மலக்குகளே அல்லர். சிறகு ஒட்டப்பட்ட மனிதர்கள். ஏங்குவதும், தவறுவதும், தேர்ந்தெடுப்பதும் நம்முடைய இயல்பல்லவா?

நாம் சொல்லாமல் விட்டவை

வாசகர்களே! இதுவரை சொன்னது நாவலின் மீதுள்ள குறை. இனிச் சொல்லப்போவது என்மீதும் உங்கள்மீதும் உள்ள குறை.

ஒரு மலக்கு ஒரு பெண்ணின் துயரத்தில் துணை நின்றதைப் படிக்க, நம் மகள் சவானா நகரத்துக் கற்பனைப் பள்ளிக்கா போகவேண்டும்? பாலைவனத்தில் கைக்குழந்தையோடு தனித்து விடப்பட்ட அன்னை ஹாஜரா அவர்களை நினைத்துப் பாருங்கள். தோல்பையில் இருந்த நீர் தீர்ந்தது. குழந்தை தாகத்தால் துடித்தது. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழுமுறை ஓடினார்கள். மனித அரவமே இல்லாத அந்த இடத்தில் ஒரு குரல் கேட்டது. ஸம்ஸம் இருந்த இடத்தில் ஒரு மலக்கு நிலத்தைத் தோண்ட, நீர் பொங்கியது. கைவிடப்பட்டுவிடுவோம் என்று அஞ்ச வேண்டாம், இங்கே இறையில்லம் எழும், இந்தச் சிறுவனும் இவருடைய தந்தையும் அதைக் கட்டுவார்கள் என்று அந்த மலக்கு ஆறுதல் கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். ஹஜ்ஜுக்குச் செல்லும் இலட்சோபலட்சம் ஆண்கள் இன்றும் அந்தத் தாய் ஓடிய வழியில் ஓடுகின்றனர். இதனினும் நெஞ்சை உருக்கும் கதை உண்டோ?

அன்னை மர்யம் (அலை) அவர்கள் தனித்திருந்தபோது மனித உருவில் வந்த வானவர், அவர்கள் அஞ்சி இறைவனிடம் பாதுகாவல் தேடியதும், தாம் இறைவனின் தூதரே என்று கூறித் தெளிவித்தார் (19:17-19). ஒரு பெண்ணின் அச்சத்தை மதித்து, தம்மை யார் என்று முதலில் அறிவித்த அந்த ஒழுக்கத்தைப் பாருங்கள்! அதை டேனியலின் முதல் சைகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! முதுமையில் இருந்த அன்னை சாரா அவர்கள், விருந்தினராய் வந்த வானவர் சொன்ன நற்செய்தியில் இஸ்ஹாக் (அலை) பிறப்பார் என்று கேட்டார்கள் (11:71).

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்திற்கு வருவோம். அன்னை கதீஜா (ரலி) உணவோ பானமோ ஏந்தி வந்துகொண்டிருக்கையில், இறைவனின் ஸலாமையும் தம் ஸலாமையும் அவர்களுக்குச் சொல்லுமாறு ஜிப்ரீல் (அலை) நாயகத்திடம் கூறினார்கள். கூச்சலும் களைப்பும் இல்லாத ஒரு சுவன மாளிகையையும் நற்செய்தியாகச் சொன்னார்கள். நாளெல்லாம் அடுக்களையின் சத்தத்திலும் களைப்பிலும் உழலும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதை எப்போதாவது சொல்லியிருக்கிறோமா? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கும் ஜிப்ரீல் (அலை) ஸலாம் சொன்னார்கள். அன்னையும் பதில் ஸலாம் சொன்னார்கள். இவை இரண்டும் புகாரியில் உள்ளவை.

நாயகம் (ஸல்) அவர்களுக்கும் ஜிப்ரீல் (அலை) அவர்களுக்கும் இடையே இருந்த பாசத்தைச் சொல்லும் ஒரு நிகழ்ச்சியும் உண்டு. இன்னும் அடிக்கடி எம்மைக் காண வரலாகாதா என்று நாயகம் (ஸல்) ஜிப்ரீலிடம் கேட்டார்கள். இறைவனின் ஆணையின்றித் தாங்கள் இறங்குவதில்லை என்னும் பொருள்பட இறைவசனம் அருளப்பட்டது (19:64). ஏக்கம் ஒருபுறம், கீழ்ப்படிதல் மறுபுறம். அன்புக்காக ஆணையை மீறினான் டேனியல். ஆணைக்குள் நின்றே அன்பு செய்தார்கள் ஜிப்ரீல் (அலை). என் மகள் கேட்ட வினாவுக்கு நேரான விடை இங்கேதான் இருக்கிறது. மலக்குகளுக்குக் காதல் என்னும் மனித வேட்கை இல்லை. ஆனால் அவர்கள் அன்பற்றவர்கள் என்று யார் சொன்னது?

அர்ஷைச் சுமக்கும் வானவர்கள் இறைநம்பிக்கையாளருக்காகப் பாவமன்னிப்புக் கோருகின்றனர். அவர்களுடைய பெற்றோர், துணைவியர், பிள்ளைகள் ஆகியோரில் நல்லோரையும் சேர்த்துச் சுவனத்தில் புகுத்துமாறு இறைஞ்சுகின்றனர் (40:7-8). முன்னும் பின்னும் நம்மைக் காக்கும் காவலர் உளர் (13:11). இல்லாதவிடத்து ஒரு சகோதரனுக்காக நாம் துஆச் செய்தால், அருகே நிற்கும் மலக்கு ஆமீன் கூறி, அதுபோன்றதே நமக்கும் கிட்டவேண்டும் என்கிறார். இது முஸ்லிமில் உள்ளது.

நாம் பூச்சாண்டி காட்டிய அந்த எழுதும் மலக்குகளின் செய்தி என்ன? நன்மை செய்ய எண்ணி, செய்ய இயலாது போனாலும் ஒரு முழு நன்மை எழுதப்படுகிறது. தீமையை எண்ணி, செய்யாமல் கைவிட்டால் அதுவும் ஒரு நன்மையாகவே எழுதப்படுகிறது. புகாரியும் முஸ்லிமும் இதை அறிவிக்கின்றன. இத்தகைய கணக்கர்களைக் கண்டா குழந்தைகள் நடுங்கவேண்டும்? நாம் பாதி ஏட்டை மட்டும் படித்துக் காட்டினோம். மீதிப் பாதியைத் தேடி அவர்கள் வேறு ஏடுகளைப் புரட்டுகிறார்கள்.

கேள்வி கேட்பது நம் மரபு

நாவல் படிப்பதே தகாது என்பார் சிலர். தமிழ் முஸ்லிம்களுக்கு நாவல் அந்நியமான பொருளன்று. தமிழின் முதல் நாவல் என்று கொண்டாடப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதற்கு ஆறே ஆண்டுகள் கழித்து, 1885இல், இலங்கையின் அறிஞர் சித்திலெப்பை 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலை வெளியிட்டார். 1938இல் நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' என்னும் நாவலை எழுதினார். தலைப்பையே பாருங்கள்! நம் மகள் படிக்கும் ஆங்கிலக் கதை எழுப்பும் அதே வினாவை, நம் சமுதாயப் பெண்ணொருவர் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் எழுப்பியிருக்கிறார்.

கேள்வி கேட்பதே தவறு என்பார் வேறு சிலர். முழுமையாகக் கிடைத்துள்ள தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களுள் மிகப் பழையது 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிரம் மசலா'. மசலா என்றால் வினா. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் வினாக்களை அடுக்க, நாயகம் (ஸல்) அவர்கள் விடையளிப்பதாக அமைந்த நூல் அது. ஏன், ஒரு மலக்கே கேள்வி கேட்க வந்ததில்லையா? தூய வெள்ளாடை அணிந்த மனிதராக வந்து, நாயகத்தின் முழங்காலோடு முழங்கால் சேர அமர்ந்து, இஸ்லாம் யாது, ஈமான் யாது, இஹ்ஸான் யாது என்று கேட்டவர் ஜிப்ரீல் (அலை) அல்லவா? மக்களுக்கு மார்க்கம் கற்பிக்க ஒரு மலக்கு தேர்ந்துகொண்ட வழி வினா எழுப்புவது. அவ்வழியில் ஒரு பெண்குழந்தை கேட்டால் மட்டும் நாம் பதறலாமா?

எனவே பெற்றோரே! பிள்ளையின் தலையணைக்கு அடியில் இத்தகைய புத்தகம் ஒன்றை நாளை நீங்கள் காண நேர்ந்தால், பிடுங்கிப் பீரோவின் மேல் போடாதீர்கள். முதலில் நீங்களே படியுங்கள். ஆங்கிலம் அறியாத தாயானால் கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நல்ல இடத்தை நன்று என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிழையான இடத்தில், 'இது ஏன் பிழை?' என்று சேர்ந்து சிந்தியுங்கள். பிறகு ஹாஜரா அன்னையின் கதையைச் சொல்லுங்கள். இரண்டையும் தராசில் வைக்கும் அறிவு பிள்ளைகளுக்கு இருக்கிறது.

எங்கள் வீட்டில் அந்த நாவல் இப்போது தோழியிடம் திரும்பிச் சென்றுவிட்டது. சென்ற வெள்ளியன்று ஜும்ஆவுக்கு நான் மெதுவாகப் புறப்பட்டுக் கொண்டிருந்தபோது மகள் வாசலில் நின்று சொன்னாள்: "விரைந்து போங்கள் அத்தா! பள்ளிவாசல் வாயிலில் மலக்குகள் வருபவர்களின் பெயரை வரிசைப்படி எழுதிக்கொண்டிருப்பார்கள். இமாம் அமர்ந்துவிட்டால் ஏட்டைச் சுருட்டிவிட்டு அவர்களும் உரையைக் கேட்கப் போய்விடுவார்கள்!"

புகாரியில் உள்ள அச்செய்தியை அவளுக்குச் சொன்னவன் நான்தான். ஆனால் அவள் அதைச் சொன்னபோது முகத்தில் அச்சம் இல்லை, புன்னகை இருந்தது. ரயில் நிலையத்தின் அறிவிப்பு ஒருபுறமும் பள்ளிவாசலின் பாங்கொலி மறுபுறமும் ஒலிக்க, நான் விரைந்து நடந்தேன். வாயிலில் நிற்கும் அந்த எழுத்தர்களுக்கு மனத்துக்குள் ஸலாம் சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தேன்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பொறுமையோடு விடையளிக்கும் உள்ளத்தை நமக்கும், கதையையும் உண்மையையும் பகுத்தறியும் தெளிவை அவர்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.